அழகு வேண்டாமென்றா சொன்னோம்?



மண்ணடியிலோ, மேலப்பாளையத்திலோ, வாணியம்பாடியிலோ நீங்கள் ஒரு கடை கட்டப் போகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். இன்ஜினீயர் வரைபடத்தைக் கொண்டு வந்து உங்கள் கல்லாப் பெட்டி மீது விரிக்கிறார். படம் பிரமாதமாக இருக்கிறது. முகப்பு முழுக்கக் கண்ணாடி. மேலே ஒரு வளைவு. நடுவே ஒரு கோபுரம். பார்த்த மாத்திரத்தில் மயங்கிப் போய் முன்பணத்தை எடுத்து நீட்டி விடுவீர்களா? மாட்டீர்கள்!

"மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்பீர்கள். "எத்தனை மாதத்தில் முடியும்?" என்று கேட்பீர்கள். மழை பெய்தால் ஒழுகுமா, சரக்கு வண்டி எங்கே நிற்கும், கரண்ட் பில் எவ்வளவு வரும், அந்த உயரத்தில் கண்ணாடி உடைந்தால் மாற்றுவதற்கு ஆள் கிடைக்குமா என்று துளைத்தெடுப்பீர்கள். பதில் சரியில்லையென்றால் வரைபடத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்து அனுப்பி விடுவீர்கள்.

சொந்தப் பணத்துக்கு இத்தனை கேள்வி! ஆனால் நீங்கள் கட்டும் ஜி.எஸ்.டி.யில், நீங்கள் போடும் பெட்ரோலுக்குக் கொடுக்கும் வரியில், நகராட்சிக்குச் செலுத்தும் சொத்து வரியில் எழும்புகிற கட்டடங்களைப் பற்றி என்றாவது ஒரு கேள்வி கேட்டிருக்கிறோமா? திறப்பு விழாவுக்குப் போகிறோம். அண்ணாந்து பார்க்கிறோம். "ஆஹா!" என்கிறோம். வீட்டுக்கு வந்து விடுகிறோம். நாம் போட்ட 'ஆஹா'வுக்கு ஆன செலவு என்ன, அதற்குப் பின்னால் ஒவ்வோர் ஆண்டும் ஆகப்போகும் செலவு என்ன என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். பொதுக் கட்டட விஷயத்தில் நெய் நம்முடையது. கை யாருடையது என்பதுதான் கேள்வி!

உடனே சிலர் கிளம்பி வருவார்கள். "உங்களுக்குக் கலை தெரியாது, ரசனை கிடையாது, எல்லாவற்றையும் ரூபாய் அணாவில் பார்க்கும் வியாபாரி புத்தி" என்பார்கள். அழகு வேண்டாமென்றா சொன்னோம்? துணிச்சலான கட்டடம் வேண்டாமென்றா சொன்னோம்? நாம் சொல்வது ஒன்றே ஒன்றுதான். துணிச்சல் என்பது புழங்குகிறவனின் கஷ்டத்தைத் தீர்ப்பதில் இருக்க வேண்டும். திறக்கிறவரின் புகழைத் தூக்குவதில் இருக்கக் கூடாது. அந்தத் துணிச்சலின் விலையையும் முதல் நாளே மறைக்காமல் சொல்ல வேண்டும். இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னை அண்ணா சாலைக்கு வாருங்கள்.

சினிமா செட்டோடு திறந்த தலைமைச் செயலகம்!

ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் நிற்கிறதே வட்ட வட்டமாக ஒரு பெரிய கட்டடம், அதன் கதையை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். கோட்டையில் இடம் போதவில்லை, சட்டமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் புதிய கட்டடம் வேண்டும் என்றது அன்றைய தி.மு.க. அரசு. கோரிக்கை நியாயமானதுதான். ஜெர்மனியைச் சேர்ந்த கட்டடக் கலை நிறுவனம் ஒன்று வடிவமைத்தது. 2008ல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார்.

திறந்த அன்று கட்டடம் முடிந்திருந்ததா? இல்லை! உச்சியில் வர வேண்டிய கோபுரம் தயாராகவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? திரைப்படக் கலை இயக்குநர் ஒருவரை அழைத்துத் தற்காலிகக் கோபுரம் ஒன்றை 'செட்' போட்டு நிறுத்தினார்கள். அதற்கும் கோடிக்கணக்கில் செலவு. ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் சினிமா செட்டின் கீழே திறக்கப்பட்டது! சட்டமன்றத்துக்கு என்ன அவசரம்? கோட்டையில் அரை நூற்றாண்டுக்கு மேல் கூடிய சபை இன்னும் ஓராண்டு அங்கேயே கூடியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? அவசரம் சபைக்கு அல்ல. 2011ல் வரவிருந்த தேர்தலுக்கு!

சரி, தேர்தல் வந்தது. ஆட்சி மாறியது. புதிதாக வந்த அ.தி.மு.க. அரசு என்ன செய்தது? கட்டடம் முடியவில்லை என்றால் முடித்து வைப்பதுதானே முறை? தவறு நடந்திருந்தால் தவறு செய்தவர்களைத் தண்டித்துவிட்டுக் கட்டடத்தைப் பயன்படுத்துவதுதானே அறிவு? அந்தக் கட்டடத்தில் காலடி வைக்க மாட்டோம் என்று மீண்டும் கோட்டைக்கே போனார்கள். விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். அது ஆண்டுக் கணக்கில் இழுத்துக் கொண்டே போனது. கட்டடத்தைப் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாக மாற்றப் போவதாக 2011 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 2014 பிப்ரவரியில் மருத்துவமனை திறக்கப்பட்டது.

மருத்துவமனை வந்ததில் நமக்கு வருத்தமில்லை. எத்தனையோ ஏழைகள் அங்கே சிகிச்சை பெறுகிறார்கள். ஆனால் மருத்துவமனைதான் வேண்டுமென்றால் முதலிலேயே அதற்கென்று கட்டியிருக்கலாமே! அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அளந்து போட்ட அறைகளைப் படுக்கை வார்டாகவும் அறுவைச் சிகிச்சைக் கூடமாகவும் மாற்றியமைக்க மறுபடியும் செலவு. ஒரே கட்டடத்துக்கு நாம் இரண்டு தடவை பணம் கட்டினோம். கோட்டையில் இடம் போதவில்லை என்ற பிரச்சினை தீர்ந்ததா? தீரவில்லை! சட்டமன்றம் அதே கோட்டையில்தான் கூடுகிறது.

இரண்டு கட்சிகளின் கௌரவப் போட்டியில் தோற்றது யார்? அந்த இரண்டு கட்சிகளுமா? இல்லை. வரி கட்டிய நீங்களும் நானும்!

பயணிகள் தலையில் கண்ணாடி

அடுத்து மீனம்பாக்கம் போவோம். நம் வாசகர்களில் பாதிப் பேர் துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று போய் வருகிறவர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சென்னை விமான நிலையத்தின் புதிய முனையங்கள் 2013ல் திறக்கப்பட்டன. சுமார் இரண்டாயிரம் கோடி ரூபாய்த் திட்டம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் தந்த வடிவம். எங்கு பார்த்தாலும் எஃகும் கண்ணாடியும். சிறகு விரித்தது போன்ற கூரை.

பிறகு என்ன நடந்தது? கண்ணாடி விழுந்தது. மேற்கூரைப் பலகை விழுந்தது. கிரானைட் பலகை விழுந்தது. இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று விழுந்து கொண்டே இருந்தன. சிலர் காயமும் அடைந்தார்கள். நாளேடுகள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி, ஐந்தாறு ஆண்டுகளில் 80ஐத் தாண்டிவிட்டன. "இன்று எத்தனையாவது கண்ணாடி?" என்று கேட்பது சென்னைவாசிகளின் கேலிப் பேச்சாகவே ஆகிவிட்டது.

கண்ணாடியின் மேல் குற்றமா? இல்லை. சென்னையின் வெயிலும் உப்புக் காற்றும் என்ன செய்யும், இத்தனை ஆயிரம் பலகைகளை எவர் பராமரிப்பார், ஒன்று உடைந்தால் மாற்றுவதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதையெல்லாம் வரைபடம் போடும்போதே யோசித்தாக வேண்டும். சரக்கை வாங்கிப் போடும் விலை வெறும் கொள்முதல்தான்; வண்டிக் கூலி, குடோன் வாடகை, சேதாரம் எல்லாம் சேர்ந்தால்தான் அடக்க விலை என்பது எந்த வியாபாரிக்கும் தெரியும். கட்டடத்துக்கும் அதே கணக்குத்தான். கட்டி முடிக்கும் செலவு கொள்முதல். முப்பது, நாற்பது ஆண்டுகள் கூட்டிப் பெருக்கி, விளக்கெரித்து, குளிரூட்டி, பழுது பார்க்கும் செலவையும் சேர்த்தால்தான் அடக்க விலை. நம் அரசுகள் கொள்முதலை மட்டும் கல்வெட்டில் பொறிக்கின்றன. அடக்க விலையைப் பேசுவதே இல்லை!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் ஏறத்தாழ 400 கோடி ரூபாயில் பிரம்மாண்டமான பேருந்து முனையம் திறக்கப்பட்டது. விசாலமான கட்டடம்தான், மறுக்கவில்லை. ஆனால் திறந்த அன்று பக்கத்தில் ஓடும் ரயில் பாதையில் அதற்கென்று ஒரு நிலையம் இல்லை! நகரத்தின் நடுவிலிருந்து முப்பது கிலோமீட்டர். கைக்குழந்தையோடும் மூட்டை முடிச்சுகளோடும் நள்ளிரவில் வந்து இறங்குகிறவர் எப்படி வீடு போய்ச் சேர்வார்? கட்டடத்தை முதலில் கட்டிவிட்டு வழியைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்பது எந்த ஊர் நியாயம்?

அப்படியானால் சிட்னிக்கு என்ன பதில்?

பெரிய கட்டடங்களுக்கு வக்காலத்து வாங்குவோர் கையில் ஓர் அஸ்திரம் வைத்திருக்கிறார்கள். "சிட்னி ஓபரா ஹவுஸைப் பாருங்கள். அன்று செலவு, செலவு என்று கூப்பாடு போட்டார்கள். இன்று ஆஸ்திரேலியா என்றாலே உலகத்தின் கண்முன் நிற்பது அந்தக் கட்டடம்தான். பெரிய காரியத்துக்குச் செலவு கூடத்தான் செய்யும்" என்கிறார்கள்.

பதில் சொல்கிறோம், கேளுங்கள். 1957ல் டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்சன் என்பவரின் வரைபடம் போட்டியில் வென்றது. கடலோரத்தில் பாய்மரம் விரித்தது போன்ற கூரைகள். சொன்ன மதிப்பு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். சொன்ன காலக்கெடு 1963. ஆனது என்ன? 10 கோடியே 20 லட்சம் டாலர்! திறந்தது 1973 அக்டோபரில். பத்து ஆண்டு தாமதம். பதினான்கு மடங்குக்கு மேல் செலவு.

இது ஏன் நடந்தது? துணிச்சலான வடிவத்தினாலா? ஓரளவுதான். அந்தக் கூரையை எப்படி நிறுத்துவது என்று கண்டுபிடிப்பதற்கு முன்பாகவே 1959 மார்ச்சில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். தேர்தல் நெருங்கியது, தாமதித்தால் பணமும் ஆதரவும் போய்விடுமோ என்று ஆட்சியாளர்களுக்குப் பயம். விளைவு, அவசரத்தில் போட்ட அடித்தளத் தூண்கள் கூரையின் பாரத்தைத் தாங்காது என்று பிறகு தெரிந்து, அவற்றை எடுத்துவிட்டு மறுபடியும் கட்ட வேண்டியதாயிற்று. 1965ல் ஆட்சி மாறியது. புதிய அரசுக்கும் உட்சனுக்கும் பண விஷயத்தில் தகராறு. 1966ல் அவர் விலகி ஊர் திரும்பினார். தாம் வரைந்த கட்டடம் முடிந்து நிற்பதை அவர் கடைசிவரை நேரில் வந்து பார்க்கவேயில்லை. அவர் போனபின் உள்ளமைப்பை மாற்றினார்கள். பெரிய மண்டபம் இசைக் கச்சேரிக்கு என்றானது. ஓபரா சின்ன மண்டபத்துக்குத் தள்ளப்பட்டது. ஓபரா ஹவுஸில் ஓபராவுக்கே இடம் போதவில்லை!

தேர்தல் அவசரம், முடியாத வரைபடம், ஆட்சி மாற்றம், கௌரவச் சண்டை! எங்கேயோ கேட்ட கதையாக இல்லையா? ஓமந்தூரார் தோட்டத்தின் கதையேதான்! ஒன்று மட்டும் வித்தியாசம். சிட்னிக்காரர்கள் ஆட்சி மாறியும் கட்டடத்தைக் கைவிடவில்லை, முடித்தார்கள். பெரும்பகுதிப் பணத்தை லாட்டரி நடத்தித் திரட்டினார்கள். நமக்கு லாட்டரி ஏற்புடையது அல்ல. ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையாவது அவர்கள் ஊரறியச் சொன்னார்கள்.

அதே சிட்னியில் நம் ஆட்கள் சொல்லாமல் விடுகிற இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்தக் கூரைப் பிரச்சினையை 1961ல் உட்சன் எப்படித் தீர்த்தார்? ஒவ்வொரு கூரையும் ஒவ்வொரு வளைவில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அச்சு வேண்டும்; கட்டுப்படியாகாது. எல்லாக் கூரைகளையும் ஒரே உருண்டையிலிருந்து வெட்டிய துண்டுகளாக மாற்றினார். ஒரே அச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். வேலையும் எளிதாயிற்று, உருவமும் முன்னைவிட அழகாயிற்று. சிக்கனம் கலையைக் கொல்லும் என்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

விலையை மறைத்தவர்கள்

ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் கட்டடத்தையும் கேளுங்கள். 1997ல் மக்களிடம் சொன்ன மதிப்பு ஒரு கோடி முதல் நான்கு கோடி பவுன் வரை. 2004ல் திறந்தபோது கணக்கு 41 கோடி பவுனைத் தாண்டியிருந்தது! தனியே ஒரு விசாரணையே நடத்த வேண்டியதாயிற்று. இத்தனை கொட்டியும், திறந்து ஒன்றரை ஆண்டு ஆவதற்குள், 2006 மார்ச்சில் சபை மண்டபத்தின் கூரை மரச்சட்டம் ஒன்று கழன்று தொங்க, உறுப்பினர்கள் எழுந்து வெளியேற நேர்ந்தது.

வெனிஸ் நகரத்தில் 2008ல் ஒரு பாலம் திறந்தார்கள். உலகப் புகழ்பெற்ற ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் சாந்தியாகோ கலத்ராவா வடிவமைத்தது. படிகளில் கண்ணாடி! பெட்டியை இழுத்துக் கொண்டு ரயிலுக்கு ஓடுகிறவர்கள் நடக்கும் பாலத்தில், மழையும் ஈரமும் உள்ள ஊரில், கண்ணாடிப் படி! வழுக்கி விழுந்தவர்கள் பலர். சக்கர நாற்காலியில் வருகிறவர் கடக்க வழியே யோசிக்கப்படவில்லை. 2019ல் இத்தாலியின் தணிக்கை நீதிமன்றம் அந்தக் கலைஞருக்கு 78 ஆயிரம் யூரோ அபராதம் போட்டது. கண்ணாடியை எடுத்துவிட்டுக் கல் பதிக்கப் போவதாக 2022ல் நகராட்சி அறிவித்தது. கல் பதிப்பதற்கு உலகப் புகழ்பெற்றவர் தேவையா? நம்மூர்க் கொத்தனார் முதல் நாளே சொல்லியிருப்பாரே!

துணிச்சல் என்றால் இது!

குறை மட்டும் சொல்லிவிட்டு ஓடுகிறவர்கள் அல்லர் நாம். துணிச்சலும் சிக்கனமும் கைகோத்து நிற்கும் கட்டடங்கள் இருக்கின்றன. ஹஜ்ஜுக்குப் போய் வந்த உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஜித்தா விமான நிலையத்தில் வரிசை வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள் நிற்பதைச் சொல்வார்கள். 1981ல் திறக்கப்பட்ட ஹஜ் முனையம் அது.

அங்கே இருந்த சிக்கல் என்ன? வருடத்தில் சில வாரங்கள் மட்டும் லட்சக்கணக்கான மக்கள் வந்து குவிவார்கள். பல மணி நேரம் காத்திருப்பார்கள். மீதி நாட்களில் ஆள் குறைவு. இதற்காகக் கான்கிரீட் மண்டபம் கட்டி, முழுவதையும் குளிரூட்டினால் என்ன ஆகும்? யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான்! எனவே சுவரே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். 210 கூடாரங்கள். கண்ணாடி இழையில் நெய்து டெஃப்லான் பூசிய துணி, எஃகுக் கம்பத்திலிருந்து கம்பிகளில் தொங்குகிறது. துணி வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கூடாரத்தின் உச்சியில் திறப்பு. சூடான காற்று அதன் வழியாக மேலேறிப் போய்விடும். பக்கவாட்டில் திறந்த வெளி; காற்று உள்ளே வரும். பாலைவனத்து மக்கள் காலங்காலமாக அறிந்த கூடாரத்தைத்தான் புதிய விஞ்ஞானத்தில் நிறுத்தினார்கள். உலகம் அதுவரை கண்டிராத கூரை! 1983ல் அதற்கு ஆகா கான் கட்டடக் கலை விருது கிடைத்தது.

அதன் பொறியாளர் யார் தெரியுமா? 1929ல் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். இளைஞர்களே, இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1969ல் முடிந்த 100 மாடி ஜான் ஹான்காக் கட்டடமும் அவருடைய பொறியியல்தான். அதன் நான்கு புறமும் பெரிய பெருக்கல் குறிகள் போலக் குறுக்குச் சட்டங்கள் தெரியும். அலங்காரமா அது? இல்லை! காற்றின் மோதலைக் கட்டடத்தின் வெளிச்சட்டமே தாங்கிக் கொள்ளும்படி அவர் செய்த உத்தி. பழைய எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 206 கிலோ எஃகு. இவர் கட்டியதில் 145 கிலோ மட்டுமே. மிச்சப்படுத்தியதே அந்தக் கட்டடத்தின் அழகாகவும் ஆகிவிட்டது!

இன்னும் பக்கத்தில் வேண்டுமா? திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் சிவப்புச் செங்கல்லில் சுருள் சுருளாக ஒரு காபி ஹவுஸ் நிற்கும். லாரி பேக்கர் கட்டியது. துண்டு நிலம். அதில் மாடிப்படியும் தனித்தனித் தளமும் போட்டால் பாதி இடம் போய்விடும். எனவே சரிவான பாதை ஒன்றையே சுற்றிச் சுற்றி மேலே ஏற்றி, அந்தப் பாதையிலேயே மேசை போட்டுவிட்டார். சுவரில் துளைகள் விட்டுக் காற்றும் வெளிச்சமும் வரச் செய்தார். செங்கல்லைக் குத்துவாக்கில் வைத்து நடுவில் வெற்றிடம் விடும் 'எலிப்பொறி'க் கட்டு முறையைப் பரப்பியவர் அவர்தான். அதில் ஏறத்தாழ கால்வாசிச் செங்கல் மிச்சம். வீட்டுக்குள் சூடும் குறைவு. அந்தக் காபி ஹவுஸ் போல ஒரு வடிவத்தை யாரும் கண்டதில்லை. அதன் விலையோ ஏழைக்கும் எட்டுகிற விலை!

மலிவு என்பதும் மோசடிதான்

இங்கே எதிர்ப்பக்கத்துத் தவறையும் சொல்லியாக வேண்டும். சிக்கனம் என்ற பெயரில் நம் அரசுகள் கட்டித் தள்ளும் பெட்டிகளைப் பார்த்திருக்கிறீர்களா? காற்று வராத தாலுகா அலுவலகம். மக்கள் வரிசையில் நிற்கும் பக்கம் நிழலே இல்லாத ரேஷன் கடை. பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத சார்பதிவாளர் அலுவலகம். முதல் மழைக்கே ஒழுகும் பள்ளிக்கூடம். டெண்டரில் குறைந்த விலை கேட்டவருக்கு வேலை. அவர் சிமெண்டில் குறைத்து லாபம் பார்ப்பார். இருபது ஆண்டில் இடித்துவிட்டு மறுபடியும் கட்டுகிறார்கள். இது சிக்கனமா? சாயம் போகும் துணியை மலிவாக வாங்கி ஏமாந்த கதை! அசிங்கமாக இருப்பதால் ஒரு கட்டடம் மலிவாகிவிடாது. ஏழை மக்கள் வந்து நிற்கும் இடம் அழகாக, கௌரவமாக இருக்க வேண்டும் என்பதில் நமக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

நம் வீட்டையும் பார்ப்போம்

அரசை நோக்கி விரல் நீட்டுகிறோம். நம் மஹல்லாக்களில் என்ன நடக்கிறது? பள்ளிவாசலும் ஜமாஅத் மண்டபமும் மதரஸாவும் கூடப் பொதுக் கட்டடங்கள்தானே? வெளிநாட்டில் வியர்வை சிந்திய சகோதரரின் பணமும், கல்லாவிலிருந்து நீங்கள் எடுத்துக் கொடுக்கும் பணமும்தானே அங்கே செங்கல்லாக மாறுகிறது?

பக்கத்து ஊர் மனாராவைவிட நம் ஊர் மனாரா பத்தடி உயரம் வேண்டும் என்கிறோம். ஒளுச் செய்யும் இடத்தில் முதியவர் வழுக்கி விழுகிறார். அங்கே ஒரு கைப்பிடிக் கம்பி இல்லை. தரை முழுக்க இறக்குமதிச் சலவைக்கல். பெண்களுக்கு ஒரு நல்ல கழிப்பறை இல்லை. மண்டபத்தின் முகப்பில் லட்சக்கணக்கில் அலங்காரம்; உள்ளே மின் கட்டணம் கட்ட மாதாமாதம் சந்தாவுக்கு அலைச்சல். திருமணத்துக்கு வாடகை கேட்டால் ஏழை மயங்கி விழுவான். அந்தக் கட்டடம் யாருக்காகக் கட்டப்பட்டதோ அவனே அதற்குள் நுழைய முடியவில்லை!

நம் முன்னோர்கள் இப்படியா கட்டினார்கள்? கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளிவாசலைப் போய்ப் பாருங்கள். இந்த மண்ணின் கல்தச்சர்களைக் கொண்டு, இந்த மண்ணின் கல்லில், தூண் தூணாக நிறுத்திய மண்டபம். எங்கிருந்தோ கடன் வாங்கிய உருவம் அல்ல அது. டாக்காவில் 2012ல் கட்டப்பட்ட பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலுக்கு மனாராவும் இல்லை, குப்பாவும் இல்லை. மெரினா தபஸ்ஸும் என்ற பெண் கட்டடக் கலைஞர் நன்கொடைப் பணத்தில் வெறும் செங்கல்லைக் கொண்டு கட்டினார். வெள்ளத்துக்குப் பயந்து தரையை உயர்த்தினார். சுவர்த் துளைகளில் காற்று, கூரைத் துளைகளில் வெளிச்சம். தொழுகை நேரம் போக மீதி நேரத்தில் அக்கம் பக்கத்துக் குழந்தைகள் அங்கே விளையாடுகிறார்கள். 2016ல் அதுவும் ஆகா கான் விருது பெற்றது. உயரத்தால் அல்ல, உபயோகத்தால் உலகத்தின் கண்ணில் பட்டது!

இனி நாம் கேட்க வேண்டியவை

சகோதரர்களே! புலம்புவதில் பயனில்லை. அடுத்த முறை உங்கள் ஊரில் பேருந்து நிலையமோ, சந்தைக் கட்டடமோ, மருத்துவமனையோ, மண்டபமோ வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தால் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: தினசரி அதைப் பயன்படுத்தப் போகிறவர்களிடம் கருத்துக் கேட்டீர்களா? சந்தை என்றால் வியாபாரியிடமும் சுமை தூக்குகிறவரிடமும், மருத்துவமனை என்றால் தாதியிடமும் நோயாளியிடமும் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு: வரைபடம் முழுமையாக முடிந்துவிட்டதா? முடியாத வரைபடத்துக்கு அடிக்கல் எதற்கு?

மூன்று: கட்டும் செலவு எவ்வளவு, ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவு எவ்வளவு, அந்தப் பணம் எங்கிருந்து வரும்?

நான்கு: இந்த ஊர் வெயில், மழை, உப்புக் காற்றுக்கு அந்தப் பொருள் தாங்குமா? உடைந்தால் உள்ளூர் ஆள் சரிசெய்ய முடியுமா?

ஐந்து: திறப்பு நாளைக் கட்டடம் முடிவு செய்கிறதா, தேர்தல் முடிவு செய்கிறதா?

கேட்டால் யார் பதில் சொல்வார்கள் என்று அலுத்துக் கொள்ளாதீர்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். எஸ்டிமேட்டைக் கேளுங்கள், ஒப்பந்தத்தைக் கேளுங்கள், பராமரிப்புக் கணக்கைக் கேளுங்கள். கிராம சபையில் எழுந்து கேளுங்கள். வணிகர் சங்கத்தில் தீர்மானமாகப் போட்டு அனுப்புங்கள். ஜமாஅத் கூட்டத்திலும் இதே ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். அங்கே கேட்கத் துணிவில்லாதவனுக்கு அரசைக் கேட்க என்ன தகுதி?

படித்த இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜினீயரிங் படித்துவிட்டு வளைகுடாவில் சைட் சூப்பர்வைசராக மட்டும் போய்ச் சேராதீர்கள். கட்டடக் கலை படியுங்கள். டாக்காவிலிருந்து புறப்பட்ட ஓர் இளைஞனால் உலகத்தின் உயரத்தையே குறைந்த எஃகில் நிமிர்த்த முடிந்ததென்றால் உங்களால் உங்கள் ஊருக்கு ஒழுகாத ஒரு பள்ளிக்கூடம் கட்ட முடியாதா?

கட்டடங்கள் நம்மைவிட நீண்ட நாள் வாழும். ஒருவர் திறந்து வைத்த கல்வெட்டைப் பிறகு யாரும் படிப்பதில்லை. ஆனால் நிழல் தேடி வந்தவனுக்கு நிழல் கிடைத்ததா, அவசரத்தில் ஓடி வந்தவனின் கால் வழுக்கியதா என்பதை அந்தக் கட்டடம் ஒவ்வொரு நாளும் சொல்லிக் கொண்டே இருக்கும். அழகாகக் கட்டட்டும், யாரும் கட்டாத மாதிரியே கட்டட்டும். கணக்கை மட்டும் முதல் நாளே நம் முன்னால் வைத்துவிட்டுக் கட்டட்டும்!